வீட்டில் செய்யும் கேக் போர்டுக்கு மேலே எதை ஒட்டலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுப்பவர்களில் பலர் இப்போது கேக்கை வைக்கும் போர்டையும் தாங்களே செய்துகொள்கிறார்கள். மரக்கடையிலோ லேசர் கட்டிங் கடையிலோ எம்.டி.எஃப். பலகையை வட்டமாக வெட்டி வாங்கி, விழாவுக்குத் தகுந்த தாளை மேலே ஒட்டிவிடுவார்கள். நல்ல வழிதான். ஆனால் அந்தத் தாளைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தை மட்டும் பார்ப்பவர்களே அதிகம். கேக்குக்கு அதுதான் தட்டு என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

பலகை சுத்தமாகத்தானே இருக்கிறது, அப்படியே கேக்கை வைத்தால் என்ன?

வைக்க வேண்டாம். எம்.டி.எஃப். என்பது மர நாரைப் பிசினோடு கலந்து அழுத்திச் செய்வது. அந்தப் பிசின் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு. அலமாரி செய்யத் தயாரிக்கப்படும் பொருள் அது, உணவைத் தொடுவதற்கானது இல்லை. ஈரம் பட்டால் ஊறி உப்பவும் செய்யும், முக்கியமாக வெட்டிய ஓரங்களில். கூரியர் பெட்டி அட்டையை வெட்டிப் பயன்படுத்தினால் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு நடுவில் தொய்ந்துவிடும். அந்த அட்டை எங்கெங்கே கிடந்து வந்தது என்பதும் நமக்குத் தெரியாது.

ஆகவே, மேலே ஒட்டும் தாளுக்கு மூன்று வேலை. கிரீமில் உள்ள கொழுப்பு கீழே இறங்கக் கூடாது, ஈரம் இறங்கக் கூடாது, பலகையிலும் பசையிலும் இருப்பது மேலே வரக் கூடாது. அழகெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கிஃப்ட் பேப்பர் ஒட்டலாமா? விதவிதமான டிசைன் கிடைக்கிறதே.

ஒட்டலாம், ஆனால் கேக் அதைத் தொடக் கூடாது. காரணம் அச்சு மை. 2018-இல் வந்த உணவுப் பொட்டல விதிகளில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இதைத் தெளிவாகச் சொல்கிறது: அச்சடித்த பக்கம் உணவின் மேல் நேரடியாகப் படக் கூடாது. உணவுப் பொட்டலத்தில் அச்சடிக்கும் மை ஐ.எஸ். 15495 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். செய்தித்தாளில் உணவை மடிப்பதற்கும் அதே விதிகளில்தான் தடை வந்தது. கிஃப்ட் பேப்பர் அடிப்பவர்கள் உணவை நினைத்து மை வாங்குவதில்லை. மேலே கிரீம் போட்டு மணிக்கணக்கில் உட்காரப்போகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வழி இருக்கிறது. கடையில் பத்து, இருபத்தைந்து என்று கட்டாக விற்கும் மெல்லிய தங்க நிறக் கேக் பேஸ் தெரியும் அல்லவா? கேக்கை முதலில் அதன் மேல் செய்யுங்கள். அப்புறம் பேஸோடு தூக்கி, கிஃப்ட் பேப்பர் ஒட்டிய போர்டின் நடுவில் டபுள் டேப் போட்டு உட்காரவையுங்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேக் அளவுக்கே பேஸ் எடுத்தால் பேஸ் வெளியே தெரியாது, அழகாக இருக்கும் என்று பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அடியில் சுற்றிலும் பைப்பிங் (கிரீமைப் பிழிந்து போடும் அலங்காரம்) போடும்போது கிரீம் நேராகப் பேப்பர் மேல்தான் உட்காரும். குழந்தைகள் முதலில் விரலால் எடுத்துச் சாப்பிடுவதும் அதே கிரீமைத்தான். அதனால் கேக்கைவிட ஓர் அங்குலம் பெரிய பேஸ் எடுத்து, பைப்பிங்கை அதற்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள். 8 அங்குலக் கேக்குக்கு 9 அங்குலப் பேஸ், கீழே 11 அல்லது 12 அங்குலப் போர்டு. டிசைன் வெளி விளிம்பில் தெரிந்தால் போதும்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகள், காலண்டர் தாள் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

ஒரு தாள் தாங்குமா தாங்காதா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

ஒரு துண்டு வெட்டி, அடியில் வெள்ளை டிஷ்யூ பேப்பர் வைத்து மேஜையில் விரியுங்கள். தாளின் மேல் ஓரிடத்தில் ஒரு சொட்டு சமையல் எண்ணெய், இன்னோர் இடத்தில் ஒரு சொட்டு தண்ணீர், மூன்றாவது இடத்தில் நீங்கள் போடப்போகும் கிரீமில் ஒரு ஸ்பூன். இரவு முழுவதும் விட்டுவிட்டுக் காலையில் டிஷ்யூவைத் திருப்பிப் பாருங்கள். எண்ணெய் இறங்கியிருந்தால் வெளிச்சத்தில் பிடிக்கும்போது அந்த இடம் கண்ணாடி மாதிரி தெரியும். தண்ணீர் பட்ட இடத்தில் தாள் அலை அலையாக எழும்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அப்புறம் ஈரப் பஞ்சால் தாளின் மேல்பக்கத்தை நாலு முறை அழுத்தித் தேயுங்கள். பஞ்சில் துளி சாயம் ஏறினாலும் அந்தத் தாள் கேக் பக்கம் வரக் கூடாது.

இந்தச் சோதனை சாயம் போவதையும் எண்ணெய் இறங்குவதையும் காட்டும். உணவுக்கு ஏற்றது என்ற சான்று ஆகிவிடாது. அதற்கு உறையின் மேல் கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

சமையலறை அலுமினியம் ஃபாயில் போதாதா?

அவசரத்துக்குப் போதும். உணவுக்கானது, எண்ணெயும் ஈரமும் இறங்காது, எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் மிக மெல்லியது என்பதால் பலகையில் ஒரு சின்ன மரத்துகள் இருந்தாலும் மேலே முட்டிக்கொண்டு தெரியும். கத்தி பட்டால் கிழிந்து துணுக்கு துண்டோடு வந்துவிடும். இரண்டு மடிப்பாகப் போட்டு, நடுவில் கேக் பேஸ் வைத்துவிட்டால் இந்தக் கவலை இல்லை.

பளபளப்பை விரும்பாதவர்கள் ஃபாயிலை முதலில் லேசாகக் கசக்கி, மறுபடி விரித்து ஒட்டலாம். சுருக்கமே டிசைனாகிவிடும், விரல் ரேகையும் தெரியாது.

புளிப்பும் உப்பும் அலுமினியத்துக்கு ஆகாது. எலுமிச்சை, அன்னாசி, பேஷன் ஃப்ரூட் ஃபில்லிங் வழிந்து ஃபாயிலில் தங்கினால் சாம்பல் நிறக் கறை விழும், நாளானால் ஊசித் துளைகூட வரும். கிறிஸ்துமஸ் பிளம் கேக்குக்கு இது முக்கியம். உலர்பழமும் பழச்சாறும் ஊறிய கேக், வாரக்கணக்கில் அதே போர்டில் உட்காரும். நடுவில் கட்டாயம் ஒரு வட்டப் பேக்கிங் பேப்பர் போடுங்கள்.

பூவேலை அழுத்திய தங்க, வெள்ளி நிறக் கேக் ஃபாயில் சுருளாக விற்கிறார்களே, அது எப்படி?

என்னைக் கேட்டால் முதல் இடம் அதற்குத்தான். பேக்கிங் பொருட்கள் விற்கும் கடையில் ரோலாகக் கிடைக்கும். அடியில் தாள், மேலே உலோகப் படலம். மடித்தால் மடிப்பு நிற்கும், ஈரத் துணியால் துடைக்கலாம், அழுத்திய பூவேலை சின்னச் சின்னக் குறைகளை மறைத்துவிடும். வாங்கும்போது கேக் போர்டுக்கான ஃபாயில்தானா என்று கேட்டு வாங்குங்கள். பூங்கொத்து கட்டும் ஜிகினாத் தாளும் பார்க்க ஏறக்குறைய அப்படியே இருக்கும், அதை உணவுக்கென்று செய்வதில்லை.

கத்தி விஷயம் இதற்கும் பொருந்தும். மேல் படலம் கீறினால் மினுமினுப்பு உரிந்து வரும். கேக் வெட்டும் கையை நாம் தடுக்க முடியாது, ஆகவே நடுவில் பேஸ் வைப்பதை ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொள்ளுங்கள்.

பட்டர் பேப்பர்?

நம் ஊரில் இந்தப் பெயரில் இரண்டு பொருட்கள் விற்கிறார்கள். மளிகைக் கடையிலும் பேக்கிங் கடையிலும் கிடைப்பது எண்ணெய் இறங்காத உணவுத் தாள். ஸ்டேஷனரிக் கடையில் பட்டர் பேப்பர் கேட்டால் படம் வரையும் டிரேசிங் தாளைக் கொடுப்பார்கள். அது வேண்டாம்.

உணவுத் தாளிலும் சிலிகான் பூசியது இருக்கிறது, அதில் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. முழுப் போர்டையும் மூட அது சரிவராது, ஆனால் கேக்குக்கு அடியில் வட்டமாக வெட்டிப் போட அதைவிட நல்ல பொருள் இல்லை. வெள்ளைச் சார்ட் பேப்பரோ பிரவுன் பேப்பரோ ஒட்டி, நடுவில் ஒரு பேக்கிங் பேப்பர் வட்டம். டீ கேக், ரவா கேக் போன்ற கிரீம் இல்லாத கேக்குகளுக்கு இது எளிமையாகவும் அழகாகவும் இருக்கும், செலவும் மிகக் குறைவு.

மார்பிள் டிசைன் ஸ்டிக்கர், சுவரில் ஒட்டும் வால்பேப்பர்?

புகைப்படத்தில் மிக நன்றாக இருக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பி.வி.சி. அந்தப் பிளாஸ்டிக்கை வளையவைக்க எண்ணெய் போன்ற சேர்மானங்கள் கலப்பார்கள், கொழுப்பு அவற்றை இழுத்துக்கொள்ளும். நம் கிரீமில் இருப்பதே கொழுப்புதான். வெளி விளிம்பு தெரிவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உரித்த உடனே ஒரு நெடி வரும், அது போகும்வரை திறந்த இடத்தில் வையுங்கள். கிரீம் எந்த வாசனையையும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

சீமந்தத்துக்குப் பட்டுத் துணி, ஜரிகை பார்டர் கேட்கிறார்கள். துணி ஒட்டலாமா?

விளிம்பில் ஒட்டலாம். நடுவில் வேண்டாம். துணி திரி போல எண்ணெயை இழுக்கும். நடுவில் ஒரு சொட்டு வழிந்தால் ஓரம்வரை கறை ஊர்ந்துவிடும், சாயத் துணியானால் நிறமும் மேலே ஏறும். ஜரிகை பார்டர் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் யோசனை, போர்டின் மேல்பரப்பைச் சாதாரணத் தங்கக் கேக் ஃபாயிலால் மூடிவிட்டு, பக்கவாட்டு ஓரத்தில் மட்டும் பார்டரைச் சுற்றுவது. இதற்கு 12 மி.மீ. தடிப் போர்டு வேண்டும். மெல்லிய பலகையில் பார்டர் உட்கார இடம் கிடையாது. வாடிக்கையாளர் தன் கல்யாணப் புடவையில் மிஞ்சிய பார்டரைக் கொடுத்தாலும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம், பின்னால் டேப் மட்டும்தானே.

கிளிட்டர் ஷீட்?

மேல்பரப்புக்கு வேண்டவே வேண்டாம். கையால் ஒரு தடவை தடவிப் பாருங்கள், துகள் கையோடு வரும். கேக்கைத் தூக்கும்போது, பெட்டியில் ஆடும்போது எல்லாம் அது பறந்து கிரீமில் உட்காரும். நச்சில்லாதது என்று உறையில் போட்டிருந்தால் சாப்பிடலாம் என்று பொருளில்லை.

ஃபாண்டன்ட்டால் போர்டை மூடுவது கஷ்டமா?

கஷ்டமில்லை. ஃபாண்டன்ட் என்பது மாவு போலத் தேய்த்து விரிக்கும் சர்க்கரை ஐசிங். ஆனால் எல்லாக் கேக்குக்கும் பொருந்தாது. 3 மி.மீ. தடிமனில் தேய்த்தால் 10 அங்குல வட்டத்துக்கு, ஓரம் வெட்டிக் கழிப்பதையும் சேர்த்து, 300 கிராம் அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பலகையை முதலில் ஃபாயிலால் மூடி, கொதித்து ஆறிய தண்ணீரைப் பிரஷ்ஷால் மெல்லிசாகத் தடவி, ஃபாண்டன்ட்டை மேலே விரித்து, ஓரத்தைக் கத்தியை நேராகப் பிடித்துச் சீவுங்கள். கேக் வைப்பதற்கு ஒரு நாள் முன்பே செய்து காயவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில், கடலோர ஊர்களில் ஒரு நாள் போதாது. சர்க்கரை காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து ஒட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு நாள் வையுங்கள், மின்விசிறிக்குக் கீழே, மேலே துணி மூடாமல்.

நம் ஊரில் பெரும்பாலும் விப்பிங் கிரீம் கேக்குகள்தான் ஓடுகின்றன. அவை ஃபிரிட்ஜில் இருந்தாக வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்ததும் கேக்கும் போர்டும் வியர்க்கும், ஃபாண்டன்ட் மினுமினுத்துப் பிசுபிசுக்கும், கலர் போட்டிருந்தால் வழியும். அந்தக் கேக்குகளுக்கு ஃபாண்டன்ட் போர்டு வேண்டாம் என்றே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். கேக்கும் ஃபாண்டன்ட்டால் மூடியது, வெளியிலேயே இருக்கப்போவது என்றால் தாராளமாகச் செய்யலாம்.

எந்தப் பசை?

சாதாரண வெள்ளைப் பசை போதும். ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அகலப் பிரஷ்ஷால் மெல்லிய பூச்சு. தடித்துப் பூசினால் தாள் ஊறிக் கொப்புளம் எழும்பும். ஃபாயிலுக்குப் பசையைவிட டபுள் டேப் சுத்தம்.

மைதா பசை காய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் புதிதாகக் காய்ச்சினால் ஆபத்தில்லை, ஆனால் எறும்பு வரும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். பைண்டிங் கடையில், போஸ்டர் ஒட்டுபவர்களிடம் வாங்கும் பசையை மட்டும் தொடாதீர்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலக்கும் வழக்கம் உண்டு, அது விஷம்.

செருப்பு ஒட்டும் பசை, ஸ்ப்ரே பசை இரண்டின் நெடியும் போக நாளாகும். எந்தப் பசையாக இருந்தாலும் ஒட்டி முடித்த போர்டை ஒரு நாள் முழுதும் காற்றாட வைத்துவிட்டு, மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்த பிறகு கேக்கை வையுங்கள்.

வட்டப் போர்டில் ஓரம் சுருங்காமல் மடிப்பது எப்படி?

போர்டைவிடச் சுற்றிலும் ஒன்றரை அங்குலம் பெரிதாகத் தாளை வெட்டுங்கள். 10 அங்குலப் போர்டுக்கு 13 அங்குலம். 50-க்கு 70 செ.மீ. கிஃப்ட் தாளில் இந்த அளவு இரண்டுதான் வரும், கணக்குப் போட்டு வாங்குங்கள். தாளைக் கவிழ்த்து, பசை தடவிய பலகையை நடுவில் வைத்து, திருப்பிப் போட்டு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உலர்ந்த துணியால் தேயுங்கள். இப்போது மறுபடி கவிழ்த்து, வெளியே நீட்டியிருக்கும் தாளை ஓர் அங்குலத்துக்கு ஒரு வெட்டாகச் சுற்றிலும் வெட்டுங்கள். வெட்டு பலகையின் விளிம்பைத் தொடக் கூடாது, பலகையின் தடிமன் அளவுக்கு முன்பே நிற்க வேண்டும். இல்லையென்றால் பக்கவாட்டில் பலகை பல்லிளிக்கும். ஒவ்வொரு நாக்காக இறுக்கி இழுத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி ஒட்டிக்கொண்டே வாருங்கள். எதிரெதிர்ப் பக்கங்களை மாற்றி மாற்றி ஒட்டினால் மேல்பரப்பு நேராக நிற்கும்.

சதுரப் போர்டு சுலபம். பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போடத் தெரிந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

அடிப்பக்கத்தையும் மூட வேண்டுமா?

போர்டைவிட அரை அங்குலம் சிறிய வட்டத் தாள் ஒன்றை அடியில் ஒட்டிவிடுங்கள். நாக்குகள் பெயராது, ஃபிரிட்ஜ் தட்டின் ஈரமும் பலகையில் ஏறாது. அடியில் நாலு இடத்தில் சின்ன மரத்துண்டுகளைக் கால் போல ஒட்டினால் விரல் நுழைத்துத் தூக்கலாம். இரண்டு கிலோவுக்கு மேல் போனால் அந்தக் கால்களின் அருமை தெரியும்.

அடுக்கு கேக்கில் மட்டும் இந்தக் கேள்விக்கு இன்னும் பெரிய பதில். மேல் அடுக்கின் பேஸ் கீழ் கேக்கின் தலையில் உட்காருகிறது. அதாவது அதன் அடிப்பக்கமே உணவைத் தொடுகிறது. பல பேஸ்களில் மேலே தங்கப் பூச்சு, கீழே வெறும் சாம்பல் அட்டை. அந்த அடிப்பக்கத்தில் பேக்கிங் பேப்பர் வட்டம் ஒன்றை வைத்துவிட்டு அடுக்குங்கள்.

தெர்மாகோல் ஷீட்டை போர்டாக வைத்து மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றலாமா?

விற்பவர்கள் செய்ய வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களில் உணவைப் பொதியும் பிளாஸ்டிக் தாளும் தெர்மாகோல் தட்டும் உண்டு. நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதல் வந்த தடையில் அலங்காரத் தெர்மாகோலும், இனிப்புப் பெட்டிகள் மேல் சுற்றும் பிளாஸ்டிக் படலமும் சேர்ந்தன. தாளும் ஃபாயிலும் வைத்தே எல்லா வேலையும் முடியும்போது அந்தப் பக்கம் போக அவசியமில்லை.

வாழையிலை?

கிரீம் இல்லாத கேக்குக்கு அருமை. இலையைத் தணலில் லேசாக வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. நன்றாகத் துடைத்து, அன்றைக்கே போட்டு அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் கறுத்துவிடும்.

எந்த நிறம் எடுப்பாக இருக்கும்?

வெள்ளைக் கேக்கை வெள்ளைப் போர்டில் வைத்தால் புகைப்படத்தில் கேக்கின் அடி எங்கே முடிகிறது என்றே தெரியாது. கண்ணாடி போன்ற வெள்ளிப் பரப்பு டியூப்லைட்டை அப்படியே திருப்பி அடிக்கும். கறுப்புப் பளபளப்பில் ஒவ்வொரு விரல் ரேகையும் தெரியும். சாக்லேட் கேக்குக்கு வெளிர் நிறம் எடுப்பு, ஆனால் ஒவ்வொரு துகளும் தெரியும் என்பதால் பெட்டியில் வைக்கும் முன் ஓரத்தைத் துடைத்துவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் மங்கலான தங்க நிறம், எந்தக் கேக்குக்கும் ஒத்துப்போகும்.

வாடிக்கையாளர் போர்டைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி பயன்படுத்தலாமா?

தாள் ஒட்டியதை அப்படியே பயன்படுத்தக் கூடாது. கத்திக் கீறலுக்குள் போன கிரீமை எடுக்க முடியாது. தாளை முழுக்க உரித்து, பலகை உப்பாமல், கறையில்லாமல், வாசனையில்லாமல் இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியைத் துடைத்து, புதுத் தாள் ஒட்டலாம். ஓரம் கொஞ்சம் உப்பியிருந்தாலும் அந்தப் பலகையை ஐசிங் பழகுவதற்கு ஒதுக்கிவிடுங்கள். அக்ரிலிக் போர்டானால் சோப்புப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, காயவைத்து எடுத்துக்கொள்ளலாம். கீறல் விழுந்திருந்தால் அதையும் நேரடியாக வைக்காமல் பேஸ் போட்டு வையுங்கள்.